பிரிக்காமல் வைப்பதற்கு இல்லை இசைத்தட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய இசைத்தட்டுகளை முதலீடாக வாங்கி வைப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்தால்தான் விலை ஏறும் என்று எழுதியிருந்தது. ஒரே ஆல்பத்தின் பல பிரஸ்ஸிங்குகளை, அதாவது வெவ்வேறு சமயத்தில் அச்சடித்த தட்டுகளை, தேடி வாங்குகிறவர்களும் உண்டு, பாட்டு என்னவோ ஒன்றுதான் என்று ஒரு வரியும் இருந்தது. அப்படி வாங்குகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் சரக்குக் கப்பல்களில் மின் அதிகாரியாக 29 வருடம் வேலை பார்த்தேன். 1988இல் எங்கள் கப்பலின் எஞ்சின் அறையில் ஆயிலராக இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒரு கேசட் வைத்திருந்தார். பிளாக் ஃப்ளாக் என்ற அமெரிக்கக் குழுவின் 'டேமேஜ்ட்'. 1981இல் வந்த ஆல்பம். பங்க் இசையில் ஹார்ட்கோர் என்று வேகமும் ஆவேசமும் கூடிய ஒரு வகை உண்டு, அதைச் சேர்ந்தது. இளையராஜா பாட்டில் வளர்ந்த காதுக்கு முதல் நாள் அது வெறும் இரைச்சல். மூன்றாவது வாரம் நானே அவரிடம் கேட்டு வாங்கிப் போட்டேன். வீட்டைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்ல முடியாமல் எனக்குள் கிடந்ததை அந்தப் பாடகர் எனக்காகக் கத்துவது போல இருந்தது.

அந்தப் பயணத்திலேயே லாங் பீச் துறைமுகத்தில் இறங்கி, ஒரு பழைய ரெக்கார்டு கடையில் 4 டாலருக்கு அதன் எல்பியை வாங்கினேன். அதை வெளியிட்ட எஸ்எஸ்டி கம்பெனி 1978இல் தொடங்கியதும் அதே ஊரில்தான் என்பது அப்புறம் தெரிந்தது. அந்தக் குழுவின் கிதார் கலைஞர் கிரெக் கின், 12 வயதில் எலக்ட்ரானிக் சாமான் விற்க 'சாலிட் ஸ்டேட் ட்யூனர்ஸ்' என்று ஒரு சிறு தொழில் ஆரம்பித்தார். அதைத்தான் பிறகு ரெக்கார்டு கம்பெனி ஆக்கினார். சால்டரிங் அயர்னைப் பிடித்தே பிழைத்தவன் நான். இதைப் படித்த அன்று அந்தத் தட்டின் மேல் இருந்த பிரியம் இரண்டு மடங்கானது.

நான் வாங்கியது பிந்தைய பிரஸ்ஸிங். முதல் பிரஸ்ஸிங்கின் கதை வேறு. எஸ்எஸ்டியும் யூனிகார்ன் என்ற கம்பெனியும் சேர்ந்து வெளியிட்டது அது. விநியோகம் எம்சிஏ என்ற பெரிய நிறுவனம். அட்டை அச்சாகி, எம்சிஏ முத்திரையும் ஏறிய பிறகு, அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த அல் பெர்காமோ, இது பெற்றோருக்கு எதிரான ஆல்பம் என்று சொல்லி விநியோகத்தைக் கைவிட்டுவிட்டார். குழுவினர் அவர் சொன்னதையே ஸ்டிக்கராக அடித்து, அந்த முத்திரை மேலேயே ஒட்டிக் கடைகளுக்கு அனுப்பினார்கள்.

அதோடு முடியவில்லை. யூனிகார்னுடன் வழக்கு வந்தது, குழுவின் பெயரில் எதையும் வெளியிடக் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது. பழைய பதிவுகளைத் தொகுத்து, குழுவின் பெயர் இல்லாமல் கலைஞர்களின் பெயர்களை மட்டும் போட்டு வெளியிட்டார்கள். அதற்காக கின்னும், குழுவில் இருந்த சக் டுகோவ்ஸ்கியும் 5 நாள் சிறையில் இருந்தார்கள். 1983இல் யூனிகார்ன் திவாலான பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. என்னுடைய 4 டாலர் தட்டில் யூனிகார்ன் பெயரே கிடையாது. பாட்டு ஒன்றுதான், சரி. ஆனால் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் நடந்த சண்டை முழுவதும் தெரிகிறது.

ஸ்டிக்கர் உள்ள பிரதிக்கு இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். ஒரு தடவை ஏமாந்தும் போனேன். தபாலில் வந்த அட்டையை, சர்க்யூட் போர்டு பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். எழுத்தின் ஓரமெல்லாம் லேசர் பிரிண்டரின் டோனர் மெழுகு மாதிரி மினுங்கியது. யாரோ புதிதாக அடித்து ஒட்டிய ஸ்டிக்கர். விற்றவர் பதிலே போடவில்லை.

அசல் பிரதி 2011இல் கிடைத்தது. ஸ்டிக்கர் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அடியில் ஒரு காற்றுக் குமிழ் தெரியும். ஒரு மூலை மட்டும் தூக்கி, அங்கே பசை காய்ந்து தேன் நிறமாகிவிட்டது. கையால் அவசர அவசரமாக ஒட்டியது என்று பார்த்ததுமே தெரியும். முன்னட்டையில் பாடகர் ஹென்றி ராலின்ஸ் கண்ணாடியைக் குத்தி உடைத்தது போன்ற படம், புகைப்படக்காரர் எட் கோல்வர் எடுத்தது. கையில் உள்ள ரத்தம் சிவப்பு மையும் காபியும் கலந்தது. அதற்குப் பக்கத்திலேயே எங்கள் ஊர் உப்புக்காற்று தந்த பூஞ்சைப் புள்ளிகளும் இப்போது சேர்ந்திருக்கின்றன.

மூன்றாவது பிரதியில் யாரோ ஸ்டிக்கரை உரித்திருக்கிறார்கள். பாதி தாள் கிழிந்து, மீதியில் எம்சிஏ முத்திரை எட்டிப் பார்க்கிறது. விலை மதிப்பு குறைந்த பிரதி அது. உள்ளே என்ன மறைத்திருக்கிறார்கள் என்று ஏதோ ஒரு பையன் நகத்தால் சுரண்டியிருப்பான். மூன்றில் நான் அதிகம் கையில் எடுப்பது அதைத்தான்.

கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து திருத்த வேண்டும். மேலே இறுக்கிச் சுற்றிய அந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் வருடக்கணக்கில் வைத்தால் அந்தத் தாள் இறுகி, உள்ளே தட்டு வளையும். தூத்துக்குடி வெயிலில் இன்னும் சீக்கிரம் வளையும். வாசகர்கள் வீட்டுப் பரணில் அப்பா, தாத்தா காலத்து எச்எம்வி தட்டுகள் இருக்கலாம். படுக்கப் போடாமல் நிற்க வைத்து அடுக்குங்கள். உறையில் கடை முத்திரையோ விலைச் சீட்டோ யாராவது பேனாவால் எழுதிய பெயரோ இருந்தால் உரிக்காதீர்கள், அழிக்காதீர்கள். புது ஊசி ஒன்று மாட்டிவிட்டுப் போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் மின் அதிகாரி,
தூத்துக்குடி.