சனிக்கிழமை கொயர் நிகழ்ச்சி: எப்ப கைதட்டணும்?

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கும், கூட வரப்போற தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

வர்ற சனிக்கிழமை சாயந்திரம் 4 மணிக்கு நம்ம ஏற்காடு ஸ்கூல் ஹால்ல கொயர் பசங்க, அதாவது சேர்ந்து பாடுற குழு, இத்தாலி இசையமைப்பாளர் விவால்டியோட குளோரியாங்கிற லத்தீன் துதிப்பாட்டை முழுசா பாடுறாங்க. மொத்தம் 12 பகுதி, கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஜூன்லருந்து தினமும் பிராக்டிஸ் பண்றாங்க, அந்த லத்தீன் வரிகளை வீட்ல குளிக்கும்போதுகூட பாடுறாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பன்னெண்டும் முடிஞ்சு மியூசிக் மிஸ் கையைக் கீழ இறக்கினப்புறம் கைதட்டுங்க, நடுவுல வேணாம்.

முதல் பகுதி நல்ல ஆரவாரமா இருக்கும், முடிஞ்சதும் தட்டாம இருக்கறது கஷ்டம்தான், ஆனா அடுத்தது உடனே வேற சுருதிக்குப் போயி மெதுவா, கனமா, ஒவ்வொரு குரலா உள்ள வரணும், அந்த நடுவுல கிடைக்கிற ரெண்டு மூணு செகண்ட்லதான் பிள்ளைங்க மூச்சை சரி பண்ணி புது சுருதியை மனசுக்குள்ள பிடிக்கிறாங்க. பெரிய பாடகர்னா சமாளிச்சிடுவாங்க. எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு அது கலைஞ்சா கலைஞ்சதுதான். நாலாவது பகுதி ஒரு நிமிஷம்கூட வராது, அப்படியே அஞ்சாவதுக்குள்ள போயிடும். பதினொண்ணாவதுல முதல் பகுதியோட இசையே திரும்ப வரும், எல்லாரும் முடிஞ்சிருச்சுன்னு நினைக்கிற இடம் அதுதான், ஆனா இன்னும் ஒண்ணு பாக்கி, குரல்கள் ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே போற அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் பசங்க ரொம்ப உழைச்சிருக்காங்க.

விவால்டி வெனிஸ்ல பியத்தாங்கிற ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துல 1703லருந்து வயலின் சொல்லிக் கொடுத்தவர். அங்க பொண்ணுங்க சர்ச்ல கம்பித் தடுப்புக்குப் பின்னாடி நின்னு பாடுவாங்க. சர்ச்ங்கறதால கைதட்டக் கூடாது, அதனால ஜனங்க இருமியும் மூக்கைச் சிந்தியும் பாராட்டைக் காட்டுவாங்களாம்! ஆனா நடுவுல தட்டறது ஒண்ணும் பாவம் இல்ல. 1778ல பாரிஸ்ல தன்னோட சிம்பொனி (பெரிய வாத்தியக் குழு வாசிக்கிற இசை) ஓடிக்கிட்டிருக்கும்போதே ஜனங்க கைதட்டினதை மோட்சார்ட் சந்தோஷமா அப்பாவுக்கு எழுதியிருக்கார். 1824 மே 7ல வியன்னாவுல பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி முதல் தடவையா அரங்கேறுச்சு, அதுலயும் கொயர் உண்டு, அன்னைக்கு காது கேக்காம ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்ன பீத்தோவனை பாடகி கரோலின் உங்கர்தான் திருப்பி ஜனங்க கைதட்டறதைப் பாக்க வச்சாங்க. நம்ம கச்சேரியிலயும் தனி ஆவர்த்தனம் முடிஞ்சதும் தட்டறதுதான் மரியாதை, அது அந்த இசைக்குச் சரி. நம்ம பசங்க பாடப்போற இந்த இசைக்குக் கடைசில தட்டறதுதான் சரி.

அதனால இன்னொண்ணும் சொல்லணும். யாராவது தெரியாம தட்டிட்டா திரும்பி முறைக்காதீங்க, "ஷ்ஷ்" சொல்லாதீங்க. போன வருஷம் ஒரு தாத்தா பேத்தி பாடின சந்தோஷத்துல நடுவுல தட்டிட்டார், நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க, அப்புறம் கடைசில ஹாலே எழுந்து தட்டினப்போகூட அவர் கையை மடியிலயே வச்சிருந்தார். எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு. இந்த வருஷம் நம்ம ஹால்ல யாருக்கும் அப்படி ஆகக் கூடாது.

பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடறது, விசில், போன் ஃபிளாஷ் இதெல்லாம் வேணாம், கைக்குழந்தை அழுதா கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, கதவு திறந்துதான் இருக்கும். மிஸ் கை இறங்கினப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் தட்டுங்க, எழுந்து நின்னு தட்டுங்க, அது பசங்களோட உரிமை.

சேலத்துலருந்து வர்றவங்க திரும்பிப் போகும்போது பனி இறங்கறதுக்கு முன்னாடி 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டிடணும்னுதான் 4 மணிக்கே வச்சிருக்கோம். தயவுசெஞ்சு மூணே முக்காலுக்கே வந்து உக்காந்துடுங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்