நம் இனம் நீடிக்குமா என்று நீ கேட்டதற்கு

அன்புள்ள கண்ணா,

"மனுஷ இனம் எப்படியும் அழியத்தான் போகுது, இதுல நான் விதை சேர்த்து வெச்சு என்ன ஆகப்போகுது, வேலையை விட்டுடலாம்னு பாக்கறேன்" என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொல்வதில் உண்மை இருக்கிறது. பூமியில் இதுவரை தோன்றிய உயிரினங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் இன்று இல்லை. ஒரு பாலூட்டி இனம் சராசரியாகச் சுமார் 10 லட்சம் ஆண்டுகள் இருக்கும் என்கிறார்கள். நமக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம். நமக்கு முன்னால் வாழ்ந்த ஹோமோ எரக்டஸ் என்ற மனித இனம் 15 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது, கல்லாயுதத்தை வைத்துக்கொண்டே. அதோடு பார்த்தால் நாம் கால்வாசிகூடத் தாண்டவில்லை.

ஆனால் இதிலிருந்து நீ போய்ச்சேரும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பரிணாமம் யாரையும் அழிக்க வேண்டும் என்றும் நினைப்பதில்லை, காப்பாற்ற வேண்டும் என்றும் நினைப்பதில்லை. நேற்றைய சூழலில் யார் அதிகம் பிள்ளை பெற்றார்களோ அவர்களுடைய குணம் இன்றைக்கு வந்து சேர்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு என்ன வரும் என்று அதற்குத் தெரியாது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மெக்சிகோ பக்கம் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் விழுந்தபோது டைனோசர்களிடம் எந்தக் குறையும் இருக்கவில்லை. கொஞ்சம் தின்று பிழைக்கக்கூடிய சின்ன உயிர்கள் பலவும், பறவைகளில் சிலவும் தப்பின. அவை அந்த நாளுக்காகத் தயாராகிச் சின்னதாக இருக்கவில்லை. ஏதோ ஒரு காரணத்துக்காக அப்படி இருந்தன, அந்த நாள் வந்தபோது அது உதவியது. கையில் பலவிதம் இருந்தால்தான் எதுவாவது ஒன்று உதவும் என்பதைத் தவிர வேறெதையும் நான் இதில் பார்க்கவில்லை.

நமக்கு நெருங்கிய உறவான நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தை எடுத்துக்கொள். ஈராக்கில் ஷானிடார் குகையில் கிடைத்த ஒருவருக்கு ஒரு கை சூம்பிப்போயிருந்தது, முகத்தில் பலமான அடி, ஆனாலும் அந்தக் காயங்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் பார்த்துக்கொள்ளாமல் அது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படி அன்பாக இருந்தவர்களும் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் இல்லாமல் போனார்கள். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தார்கள், மரபணு வகைகளும் குறைவு. நம் நிலைமையும் பெருமைப்படும்படி இல்லை: 800 கோடிப் பேருக்கு மேல் இருந்தும் நமக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு சிம்பன்சிகளுக்குள் இருப்பதைவிடக் குறைவு.

அதனால் உடம்பை நம்பி நாம் பிழைக்கப்போவதில்லை. பெரியம்மையைத் தாங்கும் உடம்பு பரிணாமத்தில் வரட்டும் என்று காத்திருந்தால் எத்தனை தலைமுறை செத்திருக்கும்? ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1796-இல் அதற்குத் தடுப்பூசி போட்டார், 1980-இல் அந்த நோயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எட்டுத் தலைமுறைகூட ஆகவில்லை. 2022-இல் ஒரு விண்கலத்தை டைமார்போஸ் என்ற சின்ன விண்கல்லின்மேல் மோதவிட்டு, அது பக்கத்தில் இருக்கும் பெரிய விண்கல்லைச் சுற்றிவரும் நேரத்தைச் சுமார் 33 நிமிடம் குறைத்தார்கள். டைனோசர்களுக்கு வாய்க்காத விஷயம் இது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். நம் உடம்பில் இல்லாத பலவிதத்தை வெளியே எங்காவது வைத்திருந்தாக வேண்டும், அதில் முக்கியமானது சாப்பாடு. அயர்லாந்தில் ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே உருளைக்கிழங்கு ரகத்தைக் கிழங்கிலிருந்து கிழங்காக நட்டு வந்தார்கள், எல்லாச் செடிக்கும் ஒரே மரபணு. 1845-இல் கருகல் நோய் வந்ததும் தடுத்து நிற்க ஒரு செடிகூட இல்லாத மாதிரி ஆனது, அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். நோய் மட்டும் காரணமில்லை, ஆட்சியின் அலட்சியமும் சேர்ந்துகொண்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மறந்துவிட்டாய் போல. சிரியாவில் அலெப்போ பக்கம் இருந்த விதை வங்கி போரில் மாட்டிக்கொண்டதும், அதன் ஆட்கள் ஏற்கெனவே நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் இருக்கும் உலக விதைப் பெட்டகத்துக்கு அனுப்பிவைத்திருந்த விதைப் பிரதிகளை 2015-இல் திரும்பப் பெற்றார்கள்; கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, பயறு என்று லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, மறுபடி பெட்டகத்துக்கே கொஞ்சம் அனுப்பினார்கள். முன்கூட்டியே யோசித்தது பரிணாமம் இல்லை கண்ணா, உன்னைப் போல அலுத்துக்கொண்டே வேலைக்குப் போன சிலர்.

உன்னிடம் இருக்கும் ரகங்களில் வேறெங்கும் பிரதி இல்லாதது எவை என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறாயா? இல்லையென்றால் முதலில் அதைப் போடு, அவற்றை இன்னொரு இடத்துக்கு அனுப்பிவிடு. வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அம்மா