குடும்பத்தில் ஒருவருக்கு யு.ஐ.எஃப். உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பணியாளர் சட்டங்களை நாடுவாரியாக ஒப்பிட்ட சென்ற இதழ்க் கட்டுரை, "தென்னாப்பிரிக்காவில் சட்டம் வலுவாக உள்ளது, நம் வீடுகளிலோ அவர்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று முடிகிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு யு.ஐ.எஃப். என்னும் வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குப் பணம் கட்டுகிறார்களா என்று கட்டுரையாளர் விசாரித்தாரா?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை மொரீஷியஸ் 2012இலும் தென்னாப்பிரிக்கராகிய நாம் 2013இலும் ஏற்றோம், இந்தியா ஏற்கவில்லை. பெருமை சரி. ஆனால் பிரிட்டோரியாவில் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் 2012இல் மூழ்கி இறந்த வீட்டுப் பணியாளர் மரியா மஹ்லாங்குவின் குடும்பத்துக்கு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை; வீட்டுப் பணியாளர்களை அது விலக்கியிருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பரில்தான் அந்த விலக்கைச் செல்லாது என்றது. குறைந்தபட்சக் கூலியிலும் 2019இல் மற்றவர்களுக்கு மணிக்கு 20 ராண்ட், வீட்டுப் பணியாளர்களுக்கு 15. சமமானது 2022 மார்ச்சில். இவை தங்களுக்குத் தெரியாதவை அல்ல.

2025 மார்ச்சில் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. இரண்டு மணி நேரம் துணி தேய்க்க அழைத்தாலும் நான்கு மணி நேரக் கூலி, அந்த விகிதத்தில் 115.16 ராண்ட், தர வேண்டும். மீந்த சோறும் பழைய உடுப்பும் கூலிக் கணக்கில் சேரா. அறைக்கென்று 10 விழுக்காடு வரை பிடிக்கலாம். அதுவும் மழை ஒழுகாத, ஜன்னலும் பூட்டும் உள்ள, கழிப்பறையும் குளிக்க வசதியும் கிடைக்கிற அறையாக இருந்தால். கராஜ் மூலைக்குப் பிடிக்க முடியாது. புரட்டாசிச் சனிக்கிழமைச் சமையலால் வாரம் 45 மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. புனித வெள்ளியன்று வீடே மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இரட்டைக் கூலி. அது அரசு விடுமுறை. டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீட்டில் கொடுக்கிறார்கள்?

தொழிலாளர் துறை ஆய்வாளர் வீட்டுக்காரர் சம்மதமோ தொழிலாளர் நீதிமன்ற அனுமதியோ இன்றி உள்ளே நுழைய முடியாது. 'வலுவான' சட்டம் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறது.

வீட்டு வேலைக்கு ஆள் தேடும் தங்கள் வரிவிளம்பரங்களைப் பற்றியும் முன்பே எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. "தங்க இடம், சாப்பாடு உண்டு" என்று வாராவாரம் வருகிறது. கூலி எவ்வளவு என்று ஒன்றிலாவது உண்டா?

அடுத்த இதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை யு.ஐ.எஃப்.இல் பதிய முதலாளி யு.ஐ.8டி படிவமும் பணியாளர் விவரத்துக்கு யு.ஐ.19 படிவமும் தர வேண்டும். இரு தரப்பும் கூலியில் ஆளுக்கு 1 விழுக்காடு. இழப்பீட்டு நிதியில் பதிவு தனி. காரணமின்றி நீக்கினால் 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வில் மனு. இவ்வளவு போதும். கட்டுரையாளரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர், டர்பன்