12 நாள் என்றது 31 நாள் ஆன கதை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். மன்றக் கட்டட வேலை முடிந்துவிட்டது. வெள்ளையடிப்பு, வயரிங், கதவுகள் எல்லாம் சொன்ன தேதியை ஒட்டியே முடிந்தன. எல்லோரும் கேட்பது மொட்டைமாடித் தளத்தைத்தான்: 12 நாள் என்ற மேஸ்திரியை 31 நாள் இழுக்க விட்டது ஏன், கமிட்டிக்கு அவர் சொந்தமா என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார்.

சொந்தமில்லை. 17ஆம் நாள் நானே வாசலில் நின்று அவரிடம் சத்தம் போட்டேன். "நான் சொன்னது என் கை வேலைக்கு சார்" என்றார். சாக்கு என்று நினைத்தேன். அப்புறம் பொருளாளரின் பதிவேட்டை எண்ணிப் பார்த்தால், ஆட்கள் வேலை செய்தது 13 நாள்தான். மீதி 18இல் கலவை இறுகத் தண்ணீர் கட்டி நிறுத்தியது 7, மழை 5, தளத்தில் பதிக்கும் தட்டோடுகள் வந்து சேராமல் உட்கார்ந்தது 4, எந்தத் தட்டோடு என்று நாம் கூடிக்கூடிப் பேசியது 2. தண்ணீர் கட்டிய வாரம் அவர் வேறு இடத்தில் வேலை பார்த்தார், அவர் கணக்கில் அது நம் நாளே இல்லை. காத்திருப்பை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படித்தவர்களும் இப்படித்தான். 1994இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கும் 49ஐத் தாண்டவில்லை. 1963இல் முடியும் என்ற சிட்னி ஓபரா ஹவுஸை 1973இல்தான் திறந்தார்கள், நமக்குத் தாமதம் 19 நாள்தான் (இதைச் சொன்னதற்கும் திட்டு வாங்கினேன்).

எங்கள் தப்பு வேறு. இதே மேஸ்திரி முன்பு முன்கூடத்துக்கு 10 நாள் சொல்லி 26 ஆக்கிய பதிவேடு நம் பீரோவிலேயே இருந்தது. அது மழைக்காலம், இந்தத் தடவை அப்படி ஆகாது என்று நாங்களே ஒதுக்கிவிட்டோம். கூலி அளவுக் கணக்கில் பேசியது, நாள் கூடியதால் ஏறவில்லை.

தட்டோடு தந்தவர், மோட்டார் தந்த குடும்பம், மின்விசிறி தந்த மூவர், சிமெண்ட் மூட்டை சுமந்த இளைஞர்கள் எல்லோர் பெயரும் பலகையில் உண்டு, விட்டுப்போனால் சொல்லுங்கள், சேர்க்கிறோம்.

சுற்றுச்சுவருக்கு 8 நாள் என்கிறார் மேஸ்திரி. நாங்கள் 20 என்று எழுதியிருக்கிறோம். ரசீதுகளும் பதிவேடும் ஞாயிறுவரை அலுவலக மேசையில் இருக்கும், சந்தேகம் உள்ளவர்கள் வந்து எண்ணிக்கொள்ளலாம்.