மட்டிப்பழ ஊரில் பேப்பர் இலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளக் கழிவுகளை ஏற்றி வந்த லாரி மாநில எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் பிடிபட்டது என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். படிக்கும்போது எல்லோரையும்போல எனக்கும் கோபம் வரும். ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எங்கள் வீட்டுப் புறவாசலில் இரண்டு சாக்கு நிறையக் குப்பை கட்டி வைத்திருந்தது. இது எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தது என்று யாரிடம் கேட்பது?

விருந்துக்கு வந்தவர்கள் 18 பேர்தான். சாக்கை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல வீட்டில் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பேப்பர் இலையும் பேப்பர் கப்பும். மேசையில் விரித்த பிளாஸ்டிக் தாள் சோறும் குழம்புமாகச் சுருண்டு கிடந்தது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் இந்த மேசை விரிப்பும், பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் உண்டு. தெரிந்துதான் வாங்கினோம். வாழையிலை கிழியும், ரசம் ஓடும் என்று காரணம் வேறு. மட்டியும் செந்துளுவனும் ரசகதலியும் என்று வாழை வகைவகையாக விளைகிற குமரி மாவட்டத்தில், மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கிய மாவட்டத்தில், இலைக்கா பஞ்சம்?

பலகாரத்திலும் இதே கதைதான். நான் சிறுமியாக இருந்தபோது முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அண்டை வீடுகளுக்குத் தூக்குவாளியில் போகும். அந்த வாளி வெறுமையாகத் திரும்பி வந்ததாக நினைவே இல்லை. ஓணத்தன்று பாயசத்தோடு வரும், பெருநாளன்று வேறொன்றோடு வரும். இப்போது மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்கிறோம். டப்பா திரும்பி வருவதில்லை. வந்தாலும் வைக்க இடமில்லை.

இந்த ஓணத்துக்கு மாற்றிப் பார்த்தோம். யார் யார் சாப்பிட வருவார்கள் என்று முந்தின நாளே கேட்டு, அதற்கேற்ப அரிசி அளந்தோம். சந்தையில் தலைவாழையிலை வாங்கினோம். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர். அத்தனை டம்ளரையும் யார் கழுவுவது என்ற கேள்வி வந்தபோது, வீட்டு ஆண்கள்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். குப்பையைக் குறைக்கிறோம் என்று பெண்களின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதாக இருந்தால் எனக்குப் பேப்பர் கப்பே தேவலாம். எச்சில் இலையும் காய்கறித் தோலும் தென்னை மூட்டில் தோண்டிய குழிக்குள் போயின. மேலே சருகும் மண்ணும் போட்டு மூடியதால் நாற்றமில்லை. கிறிஸ்துமஸுக்கு அவ்வளவு சுலபமாக இராது. இறைச்சிக் கழிவைக் குழியில் போட்டால் நாய் கிளறிவிடும். அதைத் தனியாகக் கட்டிக் குப்பை வண்டியில்தான் கொடுக்க வேண்டும். ஓணத்தன்று வண்டியில் கொடுக்க மிஞ்சியது ஒரு சிறிய பை.

வண்டி வராத நாளில் பலர் பையைக் கால்வாயில் வீசுகிறார்கள், அல்லது ஓலைச் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிடுகிறார்கள். கால்வாயில் விழுந்தது வயலுக்கும் குளத்துக்கும்தான் போய்ச் சேர்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பெருமைப்பட்டவர்கள் நாம்தான். டிசம்பர் 26, ஜனவரி 2, பொங்கலுக்கு மறுநாள் ஆகிய மூன்று நாள்களிலாவது உள்ளாட்சிகள் குப்பை வண்டியைக் கூடுதலாக ஒரு நடை அனுப்பலாம். சோறும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடப்பதைத் தூய்மைப் பணியாளர்கள் கையால் பிரிக்கும்படி விடாமல், நாம் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கலாம்.

இன்னொரு வேண்டுகோள் கிறிஸ்துமஸ் குடில் போட்டி நடத்தும் தேவாலயப் பங்குகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும். தெர்மாகோல் வைத்த குடிலுக்குப் பரிசில்லை என்று அறிவிப்பில் ஒரு வரி சேருங்கள். வைக்கோலும் பனையோலையும் மூங்கிலும் இங்கே கிடைக்காத பொருள்கள் அல்ல. கடையில் தெர்மாகோல் வாங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால், இக்கடிதத்தை நவம்பருக்குள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.