உறுமும் நாயின் தட்டில் கைவைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உண்ணும்போது அருகில் சென்றால் தம் நாய் உறுமுகிறது என்று ஒரு வாசகர் தங்கள் ஞாயிறு இணைப்பின் செல்லப்பிராணிகள் பகுதியில் கேட்டிருந்தார். உண்டுகொண்டிருக்கும்போதே தட்டை எடுத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தட்டுக்குள் கைவிட்டுப் பழக்க வேண்டும், உறுமினால் உடனே அதட்ட வேண்டும், அப்போதுதான் வீட்டில் எசமானர் யார் என்பது அதற்குப் புரியும் என்ற பொருளில் அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒருவர் இதே அறிவுரையைச் சொன்னார். நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். அதன் விளைவு என்ன என்பதை அந்த வாசகரும் அவரைப் போன்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அப்போது எங்கள் நாய்க்கு ஏழு மாதம். தட்டின் அருகே யாராவது வந்தால் தொண்டைக்குள் மெல்ல உறுமும், அவ்வளவுதான். அறிவுரைப்படி நாள்தோறும் இருமுறை தட்டைப் பிடுங்கினேன், கைவிட்டுக் கிளறினேன், உறுமியபோதெல்லாம் குரலை உயர்த்தினேன். முதலில் பக்கத்தில் வந்தால் மட்டும் உறுமிய நாய், சில வாரங்களில் நான் அறை வாசலில் தலைகாட்டியதுமே உறுமத் தொடங்கியது. நான் அதட்டலைக் கடுமையாக்கினேன். பிறகு ஒருநாள் உறுமல் நின்றது. வென்றுவிட்டதாக நினைத்து வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதம், உருண்டு போன பந்தை எடுக்கத் தட்டின் அருகே குனிந்த என் தம்பி மகளின் மணிக்கட்டை, ஒரு சிறு ஓசைகூட எழுப்பாமல் அது கவ்வியது. நாயின் அச்சத்தை நான் போக்கவே இல்லை; அச்சத்தைச் சொல்லும் வாயைத்தான் அடைத்திருந்தேன்.

உறுமலைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. "என்னிடமிருந்து இதைப் பறித்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன், விலகிப் போ" என்று கடிக்காமல் சொல்வதற்கு நாய்க்கு இருக்கும் வழி அது. அதற்கும் முன்னதாகவே நாய் வேறு பல வகைகளில் இதைச் சொல்லிவிடுகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. யாராவது நெருங்கும்போது மெல்வதை நிறுத்திச் சிலைபோல் உறைந்து நிற்கும். அல்லது நேர்மாறாக, அள்ளி அள்ளி விழுங்கும். தலையைத் தட்டின் மேல் தாழ்த்தி, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். உடலைத் திருப்பித் தட்டுக்கும் நமக்கும் இடையே மறிக்கும். உதடு துடிக்கும், பிறகு பல் தெரியும், பிறகு காற்றைக் கடிக்கும். இந்த வரிசையில் மிகவும் எளிதாகத் தவறவிடப்படுவது அந்த ஒரு நொடி உறைதல்தான். சொல்லப்போனால் அதுவே மிக முக்கியமானது.

இனி, எசமானர் யார் என்ற வாதம். இது பெரும்பாலும் ஓநாய்களிடமிருந்து வந்தது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், விலங்குக்காட்சிச் சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைப் பதவிக்காக ஓயாமல் போட்டியிடுவதாக எழுதினார். அந்தக் கருத்தை 1970-இல் வெளியான தம் நூலின் மூலம் பரவலாக்கிய எல். டேவிட் மெக், பின்னர் இயற்கையில் திரியும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய ஒரு குடும்பமே என்று 1999-இல் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். அதே கட்டுரையில் அவர் குறிப்பிட்டுள்ள ஒரு செய்தி நம் பொருளுக்கு நேராகவே வருகிறது: ஒவ்வொரு ஓநாயின் வாயைச் சுற்றிலும் அதற்கே உரிய ஓர் எல்லை இருக்கிறது, நெருங்கி வரும் ஓநாய் எவ்வளவு உயர்ந்த நிலையில் இருந்தாலும், உணவை வைத்திருக்கும் ஓநாய் அதைத் தக்கவைத்துக்கொள்ளவே முயலும். நாய் ஓநாய் அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓநாயிடமே செல்லாத ஒரு வாதத்தை நாயின் தட்டருகே கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் நிலைமையை மாற்றியது ஒரு கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்த வேறொரு முறை. செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ், உணவோடு தொடர்ந்து இணைந்து வரும் எந்த அறிகுறியும் நாளடைவில் உணவைப் போலவே நாயை எச்சில் ஊறச் செய்யும் என்று காட்டினார் அல்லவா? அந்த அறிகுறியாக நாமே ஆகிவிட வேண்டும் என்பதுதான் முறையின் சாரம். மனிதர் நெருங்கினால் உணவு போய்விடும் என்று நான் கற்பித்திருந்தேன். மனிதர் நெருங்கினால் தட்டில் இல்லாத இன்னும் சுவையான ஒன்று வந்து சேரும் என்று அதை மாற்றிக் கற்பிக்க வேண்டியிருந்தது.

செய்முறை எளிது, பொறுமைதான் கடினம். முதலில் நாய் சற்றும் உடல் இறுகாமல் உண்ணக்கூடிய தூரம் எது என்று பார்த்தோம். எங்களுக்கு அது ஏறத்தாழ மூன்று மீட்டர். வழக்கமான தீனியைத் தட்டில் வைத்துவிட்டு, அந்த எல்லை வரை நடந்து சென்று, ஒரு சிறு இறைச்சித் துண்டைத் தட்டின் பக்கம் எறிந்துவிட்டு, நிற்காமல் திரும்பி வந்துவிடுவேன். இங்கே வரிசை முக்கியம்: முதலில் நாம் வருவதை நாய் பார்க்க வேண்டும், அதன் பிறகே துண்டு தோன்ற வேண்டும். துண்டைக் கண்ணில் படும்படி ஏந்திக்கொண்டே போனால், நாய் துண்டைத்தான் வரவேற்கும், நம்மை அல்ல. என்னைப் பார்த்ததும் அது தலையை நிமிர்த்தி வாலை இளக்கி எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகே அரை அடி நெருங்கினேன். உடல் மீண்டும் இறுகிய நாள்களில் பழைய தூரத்துக்குப் பின்வாங்கினேன். தட்டின் அருகே நிற்கும் நிலையை எட்ட ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. லஞ்சம் கொடுத்து நாய் வளர்க்கிறேன் என்று என் தந்தை அந்த நான்கு மாதமும் கேலி செய்தார். இப்போது அவரும் சட்டைப் பையில் துண்டுகளோடுதான் நடமாடுகிறார்.

வாயில் கவ்விய பொருள்களுக்கும் இதே கணக்குதான். செருப்பையோ எலும்பையோ கவ்விக்கொண்ட நாயைத் துரத்திப் பிடித்து வாயைப் பிளந்தால், அடுத்த முறை அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், அல்லது விழுங்கிவிடும். அதற்கு ஆர்வமில்லாத பொருள்களிலிருந்து தொடங்கி, "விடு" என்ற சொல்லுக்குப் பண்டமாற்றாகச் சிறந்த ஒன்றைக் கொடுத்துப் பழக்க வேண்டும். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால், வாங்கியதைத் திருப்பியும் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் பயிற்சிக்கும் முன்னால் செய்ய வேண்டியது, நாயை நிம்மதியாக உண்ண விடுவது. கதவு சாத்திய தனி அறையிலோ, தடுப்புக்கு அப்பாலோ தட்டை வைத்து, அது உண்டு முடித்து அறையை விட்டு வெளியே வந்த பிறகு தட்டை எடுத்தால், பெரும்பாலான விபத்துகள் நிகழ வழியே இராது. இது கோழைத்தனம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நாம் உண்ணும்போது ஒருவர் நம் தட்டை நான்கு முறை இழுத்தால் நமக்கு எப்படியிருக்கும் என்று அவர்களிடம் கேட்க எனக்கு ஆசைதான். ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்தால், ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் தனித்தனியே தட்டு வைக்க வேண்டும். குழந்தைகளை இந்தப் பயிற்சியில் ஈடுபடுத்தவே கூடாது. அவர்களால் இறுகிய உடலைப் படிக்க முடியாது. குனியும்போது அவர்கள் முகம் நாயின் வாய் உயரத்துக்கு வந்துவிடுகிறது.

தங்கள் பகுதியில் வந்த பதில் முற்றிலும் விட்டுவிட்ட மற்றொன்று உடல்நலம். அதுவரை அமைதியாக உண்டுவந்த நாய் திடீரென உணவைக் காக்கத் தொடங்கினால், முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. பல்வலி, மூட்டுவலி ஆகியவை நாயை எரிச்சல்பட வைக்கும். நீரிழிவும் குடற்புழுவும் பசியைக் கூட்டக்கூடும். ஒவ்வாமைக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும், வலிப்புக்குத் தரப்படும் பீனோபார்பிட்டாலும் பசியை வெகுவாக அதிகரிப்பவை. மருந்தின் பசிக்கு நாயைத் தண்டிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்த முறையையும் எல்லோரும் தாமே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஆழமாகக் கடித்த நாய், அறைக்குள் யார் நுழைந்தாலும் பாயும் நாய், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கும் நாய் ஆகியவற்றை, நாய்களின் நடத்தையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில்தான் பழக்க வேண்டும். இடைக்காலத்தில், மூச்சிரைக்கவும் நீர் அருந்தவும் இடம்விடும் கூடை போன்ற வாய்ப்பூட்டும் தேவைப்படலாம். அதையும் அவசரமாக மாட்டிவிடாமல் படிப்படியாகப் பழக்க வேண்டும். கடி நேர்ந்துவிட்டால், தடுப்பூசி போட்ட சொந்த நாய்தானே என்று இருந்துவிடாமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அந்தக் கண்காணிப்பு முடியட்டும் என்று, மருத்துவர் சொல்லும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. என் தம்பி மகளின் காயம் சிறியதாக இருந்தும் இவை அனைத்தையும் செய்தோம்.

எங்கள் நாய் இன்று முழுமையாக மாறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். நான் அருகே சென்றால் வாலாட்டுகிறது. அறிமுகமில்லாதவர் வந்தால் இன்னமும் ஒரு நொடி உறைகிறது. அதனால் விருந்தினர் இருக்கும் நாள்களில் கதவைச் சாத்திவிட்டுத்தான் உணவு வைக்கிறோம்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. விலங்குகளின் நடத்தை குறித்த பதில்களை வெளியிடும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பதிலுக்கான திருத்தம் உள்பக்கத்தின் மூலையில் இரண்டு வரியாக இல்லாமல், அதே பகுதியில், அதே அளவில் வெளிவர வேண்டும். கேள்வி கேட்ட வாசகர் இன்றைக்கும் ஒருவேளை தட்டை எடுத்துக்கொண்டிருக்கலாம். அவருடைய நாய் இன்னும் உறுமிக்கொண்டிருக்கும்போதே அத்திருத்தம் அவர் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி