பனிக்கட்டிக்குள் இரண்டு அலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. குதிகாலை இயந்திரத்துக்குள் வைத்து எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். "எலும்புக்குள் சத்தத்தை அனுப்பி என்னத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று வேறு கேட்டிருக்கிறாய். ஓய்வுபெற்றதிலிருந்து என்னிடம் கேள்வி கேட்க ஆளே இல்லை, வசமாக மாட்டிக்கொண்டாய்.

எலும்புக்கு அப்புறம் வருகிறேன். இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது பனிக்கட்டி. 20 டிகிரி தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1480 மீட்டர் போகும். குளிரக் குளிர வேகம் குறைந்து 0 டிகிரியில் 1400 சொச்சத்துக்கு இறங்கிவிடும். பெரும்பாலான திரவங்களில் சூடு ஏறினால் ஒலி மெதுவாகும். தண்ணீரில் மட்டும் ஏறத்தாழ 74 டிகிரி வரை வேகம் கூடிக்கொண்டே போகும், அதன் பிடிவாதம் நமக்குத் தெரிந்ததுதானே! அதே தண்ணீர் உறைந்துவிட்டால் வேகம் ஒரே தாவலில் 3800-ஐத் தாண்டுகிறது. அடர்த்தி கொஞ்சம் குறைகிறது, விறைப்போ பல மடங்கு ஏறிவிடுகிறது அல்லவா? ஒலி சாதாரணமாக நெட்டலை, போகும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும். திசைக்குக் குறுக்கே ஆடும் குறுக்கலை திரவத்துக்குள் ஓட முடியாது, பனிக்கட்டிக்குள் அதுவும் ஓடும்.

தென் துருவத்தில், நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடிக்கும் ஐஸ்கியூப் ஆய்வகத்துக்காகப் பனிக்குள் போட்ட ஆழ்துளைகளில் ஒலிக் கருவிகளையும் இறக்கி அளந்திருக்கிறார்கள். ஆழத்தில் நெட்டலைக்குச் சுமார் 3880 மீட்டர், குறுக்கலைக்கு 1980-ஐ ஒட்டி. மேலே ஏறத்தாழ 200 மீட்டர் வரை இன்னும் முழுதாக இறுகாத பனி, உள்ளெல்லாம் காற்று. கீழே போகப் போக வேகம் கூடுவதால், தரைமட்டத்தில் எழும் இரைச்சல் வளைந்து மேலேயே திரும்பிவிடுகிறது. ஆழத்தில் கிடக்கும் கருவிக்கு இயற்கையே போட்டுக்கொடுத்த கூரை அது.

பனிக்குள் இருக்கும் நுண்துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்தால்தான் கதை சூடு பிடிக்கும். கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் சேராது. ஒதுக்கப்பட்ட உப்புநீர் சின்னச் சின்னப் பைகளாகவும் கால்வாய்களாகவும் உள்ளேயே தங்கும். அடிப்பக்கத்தில் சில சென்டிமீட்டருக்கு மெல்லிய பனித் தகடுகளும் இடையிடையே கடல்நீரும்தான். கீழிருந்து மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத அளவு அதிர்வெண் கூடிய ஒலியை, நேராக அனுப்பினால், வழவழப்பான கெட்டிப் பனிக்கட்டி சுமார் ஆறில் ஒரு பங்கு ஆற்றலைத் திருப்பியனுப்பும் என்று கணக்கு சொல்கிறது. இந்தத் தகட்டு அடுக்கில் தண்ணீர் எங்கே முடிந்தது, பனி எங்கே தொடங்கியது என்று கோடு போடவே முடியாது, அதனால் எதிரொலியும் மங்கிவிடும்.

இப்படித் திரவம் நிறைந்த துளைப்பொருளில் இரண்டு நெட்டலைகள் ஓட வேண்டும் என்று இயற்பியலாளர் மாரிஸ் பியோ 1956-லேயே எழுதிவிட்டார். ஒன்றில் துளைகளைத் தாங்கும் திடக் கூடும், உள்ளே இருக்கும் திரவமும் சேர்ந்து ஆடும், அது வேகமான அலை. மற்றதில் ஒன்றுக்கொன்று எதிராக ஆடும், அது மெதுவானது. இந்த இரண்டாவதைத் தெளிவாகக் காட்ட 1980 வரை ஆயிற்று. தாமஸ் புளோனா கண்ணாடி மணிகளைச் சூடாக்கி ஒட்டவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, மீயொலியால் பிடித்தார். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர், தண்ணீரில் போவதைவிடவும் குறைவு.

மீயொலிதான் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அதிர்வெண் குறைவானால் திரவத்தின் பிசுபிசுப்பு அதைத் துளைச்சுவரோடு கட்டிப்போட்டுவிடும், இரண்டாவது அலை அலையாகவே இருக்காது. நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு என்றால், சுவரை ஒட்டி இழுபடும் தண்ணீர்ப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, மீதித் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஆடலாம். என்னைக் கேட்டால் கண்ணாடி மணி சுலபமான மாதிரி, வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். பனிக்கட்டியிலோ திடக் கூடும் நீர்தான், துளையில் இருப்பதும் நீர்தான். அளந்துகொண்டிருக்கும்போதே ஒன்று மற்றதாக மாறும், துளையின் அளவும் மாறும். அதில் இந்த மெதுவான அலையைப் பிடிக்க நிறையப் பொறுமை வேண்டும்.

இப்போது உன் குதிகால். உள்ளே இருப்பதும் மஜ்ஜை நிறைந்த துளைக்கூடுதான். மாட்டெலும்பில் இரண்டு அலைகளையும் 1997-ல் ஜப்பானில் ஹோசோகாவாவும் ஒட்டானியும் பார்த்துவிட்டார்கள். உன் இயந்திரம் அவ்வளவு தூரம் போகாது. ஒலி என்ன வேகத்தில் கடந்தது, அதிர்வெண் ஏற ஏற எவ்வளவு தேய்ந்தது என்று மட்டும் பார்க்கும். கூடு மெலிந்தால் இரண்டு எண்ணும் குறையும். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பு. ஆனால் மருந்து மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேள், என்னை நம்பாதே.

அப்புறம், சின்னவனுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. பொங்கல் கழித்து நீயும் அத்தானும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
வசந்தி